ஒரே கார்டுக்கு எழுதிய விளையாட்டுகள்

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, "பழைய நினைவா ஏதாவது எழுதிக் குடுப்பா" என்றார்கள். கொளவாய் ஏரிக்கரை, கேண்டீன் டீ, ஏழு மணி மின்சார ரயில் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் வரைகலை. இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு 2000இல் வெளியே போனவன், இருபது வருடத்துக்கு மேலாக அதில்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆகவே அந்தத் துறையின் சரித்திரத்திலிருந்து ஒரு பக்கத்தைச் சொல்லுகிறேன்.

"மலரில் போய் வீடியோ கேம் கதையா?" என்று நம் பேராசிரியர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இன்று நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு விஷயமே இல்லை. என்விடியா கம்பெனியின் சிப்பில் மட்டும் ஓடும் கூடா என்ற நிரல் ஏற்பாட்டைக் கற்றுக்கொண்டு அதை நம்பி வேலைக்குப் போகலாமா என்று இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு கம்பெனியின் ஒரு சிப்புக்காக மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1996 முதல் 2000 வரை பெரிய பரிசோதனையே நடந்து முடிந்திருக்கிறது. அதன் பெயர் கிளைடு.

முதலில் நம் ஊர்ப் பக்கம் அது எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1999 வாக்கில் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. பகலில் வகுப்பு, மாலையில் விளையாட்டு. எங்கள் செட்டுக்கு உயிர் நீட் ஃபார் ஸ்பீடு 2, அதிலும் 1997இல் வந்த ஸ்பெஷல் எடிஷன். அந்த விளையாட்டில் 3டிஎஃப்எக்ஸ் கார்டு இருந்தால் சாலை வழவழவென்று இருக்கும். கார் ஓடும்போது கண்ணாடியில் பூச்சிகூட வந்து மோதும் என்று கேள்வி. எங்கள் திரையிலோ சாலை முழுக்கக் கட்டம் கட்டமாக, பழைய டி.வி.யில் தூர்தர்ஷன் புள்ளியடித்த மாதிரி. மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய் விசாரித்தோம். "அதெல்லாம் ஆர்டர் குடுத்தாத்தான் வரும் தம்பி, எதுக்கு அவ்ளோ காசு?" என்றார் கடைக்காரர். அமெரிக்காவில் அந்தக் கார்டு முதலில் வந்த விலை 300 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 10,000 ரூபாய்க்கு மேல். நம் வீடுகளில் அப்போது மாதச் சம்பளமே அவ்வளவு இல்லை.

கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் எளிது. முப்பரிமாண விளையாட்டில் காரும் மலையும் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்கள். அந்த முக்கோணங்களுக்குள்ளே படத்தை ஒட்டி, தூரத்துக்கு ஏற்றபடி சாய்த்து, புள்ளி புள்ளியாக நிறம் கணக்குப் போட வேண்டும். விநாடிக்கு முப்பது தடவை முழுத் திரையையும் இப்படி நிரப்புவதற்கு அன்றைய பென்டியத்துக்கு மூச்சு வாங்கும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்ய ஒரு தனி சிப் போட்டால் என்ன என்ற யோசனையில்தான் 1994இல் ஸ்காட் செல்லர்ஸ், ராஸ் ஸ்மித், கேரி டரோலி மூவரும் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். மூவரும் சிலிக்கன் கிராஃபிக்ஸில் வேலை பார்த்தவர்கள். அங்கே பல லட்ச ரூபாய் இயந்திரத்தில் நடந்த வித்தையை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் திட்டம்.

1996இல் நினைவக விலை மளமளவென்று இறங்கியது அவர்களுக்கு அடித்த யோகம். வூடூ கிராஃபிக்ஸ் என்ற சிப் தொகுதி ஆர்கேட் இயந்திரங்களிலிருந்து வீட்டுக்கு வந்தது. அது விசித்திரமான கார்டு. சாதாரணமாக விண்டோஸ் திரையைக் காட்டவே காட்டாது. ஏற்கனவே இருக்கும் வீடியோ கார்டிலிருந்து ஒரு வயரை இழுத்து இதற்குள் விட்டு, இதிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு வயர் போட வேண்டும். முப்பரிமாண விளையாட்டு தொடங்கும்போது மட்டும் இது திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஆர்ச்சிட் கம்பெனி தயாரித்த கார்டில் அந்த மாற்றம் "டிக்" என்று ரிலே சத்தத்தோடு நடக்கும். மொத்தம் 4 மெகாபைட் நினைவகம். பாதி திரைக்கு, பாதி ஒட்டும் படங்களுக்கு.

சரி, கார்டு வந்துவிட்டது. அதற்கு விளையாட்டு எழுதுகிறவன் எப்படிக் கட்டளை கொடுப்பான்? இங்கேதான் கிளைடு வருகிறது. சி மொழியில் கூப்பிடக்கூடிய செயற்கூறுகளின் சிறு நூலகம் அது. சிலிக்கன் கிராஃபிக்ஸின் பெரிய வரைகலை நூலகங்களிலிருந்து இந்தச் சிப் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் பொறுக்கியெடுத்து வைத்தது போல இருக்கும். மூன்று புள்ளிகளைக் கொடுத்து ஒரே வரியில் "வரை" என்றால் முக்கோணம் வந்துவிடும். மலையை எந்தக் கோணத்தில் திருப்புவது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்ற கணக்கெல்லாம் கிளைடுக்குத் தெரியாது. சிப்புக்கே தெரியாதே! அதை நீயே போட்டுக்கொண்டு வா, நான் வரைகிறேன் என்று சொல்லிவிடும். குறை மாதிரி தெரிகிறதா? எழுதுகிறவனுக்கு அதுதான் நிம்மதி. நூலகத்தில் ஒரு கட்டளை இருந்தால் சிப்பில் அதற்கு உறுப்பு இருக்கிறது, வேகமாக நடக்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டிப் பின்னால் காலை வாரிவிடாது.

அதே 1996 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டும் டைரக்ட்3டியை வெளியிட்டது. எல்லாக் கார்டுக்கும் பொதுவான இடைமுகம். கொள்கை அளவில் உயர்ந்தது. முதல் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் பட்ட பாடு வேறு. ஒரு முக்கோணம் வரைய வேண்டுமானால்கூட நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, கட்டளைகளையும் புள்ளிகளையும் குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி, மூட்டை கட்டி ஒப்படைக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் சிட்டா நகல் வாங்குவது போல. அப்படியே ஒப்படைத்தாலும் ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. இன்னொரு விஷயமும் உண்டு, சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை: அப்போது பாதி விளையாட்டுகள் டாஸில்தான் ஓடின. டைரக்ட்3டி விண்டோஸ் 95க்கு மட்டும். கிளைடு டாஸுக்கும் உண்டு, விண்டோஸுக்கும் உண்டு. 1996இல் வந்த டூம் ரெய்டர் டாஸ் விளையாட்டு. அதற்கு 3டிஎஃப்எக்ஸ் திருத்தம் வந்தபோது, அதே குகைகளும் அதே லாராவும் புது விளையாட்டு மாதிரி ஆனார்கள். கார்டு விற்றதற்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டு எழுதுகிறவர்கள் ஏமாந்துபோய் ஒரு கம்பெனியின் வலையில் விழுந்தார்கள் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளிக்குள் படம் ரிலீஸ் ஆகவேண்டும் என்பது போல, கிறிஸ்துமஸுக்குள் விளையாட்டு கடைக்குப் போயாக வேண்டும். கையில் எட்டு மாதம். பொதுவான பாதையில் போனால் பத்துக் கார்டிலும் அரைகுறையாக ஓடும். கிளைடில் போனால் ஒரு கார்டில் பிரமாதமாக ஓடும், மற்றவர்களுக்கு சாஃப்ட்வேர் வழி இருக்கிறது. யாராயிருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? மற்றக் கார்டு கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. எஸ்3, ஏ.டி.ஐ., ரெண்டிஷன், பவர்வி.ஆர். என்று ஆளாளுக்கு ஒரு சொந்த இடைமுகம் வைத்திருந்தார்கள். அவை எடுபடவில்லை. சொந்த இடைமுகம் வைப்பது பெரிய காரியமில்லை. அதன் அடியில் இருக்கும் சிப் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் சிப்போடு ஒட்டிப் பிறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்ல எனக்கு நம் மாமல்லபுரத்தைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறிப் போய், ஐந்து ரதத்தின் முன்னால் வகுப்போடு நின்று போட்டோ எடுக்காதவர்கள் நம்மில் யார்? அங்கே தர்மராஜ ரதம் ஓங்கி நிற்கிறது. அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே வந்து திரௌபதி ரதம் குடிசை அளவில் முடிகிறது. சிற்பியின் கற்பனை மட்டும் காரணமில்லை. தெற்கிலிருந்து வடக்காகச் சரிந்து இறங்கும் ஒரே பாறையில் அந்த நான்கையும் செதுக்கினார்கள். பாறை எங்கே தாழ்ந்ததோ அங்கே ரதமும் தாழ்ந்தது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடற்கரைக் கோயில், பிற்பாடு ராஜசிம்மன் காலத்தில் கல்லை அறுத்துக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது. அடுக்குகிறவன் உயரத்தைத் தான் முடிவு செய்துகொள்ளலாம். குடைகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஆனால் அஸ்திவாரம் போடுகிற வேலையும் கிடையாது.

கிளைடுக்குப் பாறை வூடூ சிப். வூடூவில் ஒட்டும் படம் 256க்கு 256 புள்ளிக்கு மேல் போகாது, நிறம் 16 பிட்டுக்கு மேல் போகாது. 1996இல் அது பெரிது. 1999இல் வூடூ3 வந்தபோதும் அந்த எல்லை அப்படியே இருந்தது. எதிரே என்விடியாவின் ரிவா டி.என்.டி. 1998லேயே 32 பிட் நிறம் காட்டிவிட்டது.

இந்த ஆபத்தை முதலிலேயே மோப்பம் பிடித்தவர் குவேக் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக். ரெண்டிஷன் கார்டுக்காக அவருடைய கம்பெனி குவேக்கைத் தனியாக மாற்றி எழுதிப் பார்த்தது. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் இப்படி உட்கார்ந்து எழுதினால் வாழ்நாள் போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 1996 டிசம்பரில் டைரக்ட்3டியையும் கடுமையாகக் குறைகூறி, ஓப்பன் ஜி.எல். என்ற பொது இடைமுகத்தில்தான் எழுதுவேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். மறு மாதமே ஜி.எல். குவேக் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுக் கார்டுகளில் அதை ஒழுங்காக ஓட்டிக் காட்டியது 3டிஎஃப்எக்ஸ்தான். ஓப்பன் ஜி.எல். முழுவதையும் செய்ய நேரமில்லாமல், குவேக் கூப்பிடும் கட்டளைகளை மட்டும் கிளைடாக மொழிபெயர்க்கும் மினி ஜி.எல். என்று ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். மேலே பொது வழி, அடியில் தனிவழி! அப்போதைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். கார்மாக்குக்கு ஒன்று மிச்சம்: நாளைக்கு அடியில் இருப்பது மாறினாலும் மேலே எழுதியதை மாற்ற வேண்டாம்.

1998 கிளைடின் உச்சம். வூடூ2 வந்தது. இரண்டு கார்டை ஜோடி சேர்த்து ஓட்டலாம். மே மாதம் அன்ரியல் வந்தது. வெளியானபோது அதன் முதல் வழி கிளைடு. டைரக்ட்3டி பிற்பாடு திருத்தங்களில்தான் சேர்ந்தது. ஆனால் நமக்கு முக்கியமானது இன்னொன்று. அந்த விளையாட்டில் டிம் ஸ்வீனி எழுதிய சாஃப்ட்வேர் வழி. கார்டே இல்லாத கம்ப்யூட்டரிலும், மெதுவாகத்தான் என்றாலும், தண்ணீரும் வண்ண வெளிச்சமும் தெரிந்தன. செங்கல்பட்டு மாதிரி ஊர்களுக்காகவே எழுதினாரோ என்று தோன்றும். 1999 டிசம்பரில் வந்த குவேக் 3இல் அந்த வழியே இல்லை. ஓப்பன் ஜி.எல். கார்டு இருந்தால் விளையாடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. பொது இடைமுகம் என்றால் எல்லோருக்கும் கதவு திறக்கும் என்று நினைக்கிறோம். என் வயதுக்காரர்களுக்கு நடந்தது தலைகீழ். தனி இடைமுகக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். பொது இடைமுகம் ஜெயித்த அன்று அது மூடிப்போச்சு. இதைப் பாடப் புத்தகத்தில் யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீழ்ச்சி சீக்கிரமே வந்தது. 1998 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ், எஸ்.டி.பி. என்ற கார்டு தயாரிக்கும் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. அதுவரை சிப் மட்டும் விற்றவர்கள், இனி கார்டையும் நாங்களே விற்போம் என்றார்கள். அவர்களிடம் சிப் வாங்கிக்கொண்டிருந்த டயமண்ட், கிரியேட்டிவ் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? என்விடியா பக்கம் போனார்கள். அந்த என்விடியாவும் 1995இல் சூடு பட்ட பூனைதான். முதல் சிப்பான என்.வி.1இல் முக்கோணத்துக்குப் பதிலாக வளைந்த பரப்புகளை வைத்து வரையும் தனி வழியை வைத்திருந்தார்கள். உலகமே முக்கோணத்தின் பக்கம் போனதும் அது படுத்துவிட்டது. 1997இல் ரிவா 128 செய்தபோது சொந்த இடைமுகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் சொன்னதை ஒழுங்காகச் செய்தார்கள். அதற்குள் டைரக்ட்3டியும் திருந்திவிட்டது. 1997இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே மூட்டை கட்டும் வேலை போய், கிளைடு மாதிரி நேரடியாக வரையச் சொல்லும் வசதி வந்தது.

1999இல் 3டிஎஃப்எக்ஸ் செய்த காரியத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மற்றக் கார்டிலும் கிளைடு விளையாட்டுகள் ஓடும்படி சிலர் ரேப்பர் எனப்படும் இடைநிரல்கள் எழுதினார்கள். உள்ளே வரும் கிளைடு கட்டளையை டைரக்ட்3டியாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. கம்பெனி அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டது. கிரியேட்டிவ் மேல் வழக்கே போட்டது. தன் மொழியை ஊரெல்லாம் பேச ஆரம்பிக்கும்போது வாயைப் பொத்தினால் மொழி வளருமா? அதே வருடம் டிசம்பரில் மனசு மாறி கிளைடின் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் புதிதாக எழுதுகிறவர்கள் நகர்ந்துவிட்டார்கள். 2000இல் வந்த டயாப்லோ 2இல் கிளைடு ஒரு விருப்பத் தேர்வாக இருந்தது. பெரிய பெயர்களில் கடைசி வரிசை என்று சொல்லலாம். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துக்களை வாங்கிக்கொள்வதாக என்விடியா அறிவித்தது. 2002இல் கம்பெனி திவால்.

இந்தக் கதை தமிழ் அச்சு வேலை பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி புனேயின் சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் கார்டு நினைவிருக்கிறதா? அதைக் கம்ப்யூட்டருக்குள் சொருகினால்தான் டாஸில் தமிழ் தெரியும். பிறகு கார்டு போய் எழுத்துருக்கள் வந்தன, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டோடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளும் முடிவாயின. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. நடுவிலே டி.டி.பி. சென்டர்களில் அடித்த மலர்கள் எத்தனை! ஃபைல் இருக்கும், எழுத்துரு இருக்காது, திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டும். கிளைடு விளையாட்டுகளுக்கு வந்த கதியும் இதேதான். எழுத்துருவுக்கு மாற்றி நிரல்கள் வந்து காப்பாற்றியது போல, அங்கே ரேப்பர்கள் காப்பாற்றின. எந்த நிரலை அழிக்க நோட்டீஸ் விட்டார்களோ அதன் வாரிசுகளான டிஜிவூடூ, என்கிளைடு இரண்டையும் போட்டால் அந்தக் கால விளையாட்டுகள் இன்றைய லேப்டாப்பில் ஓடுகின்றன. எங்கள் செட்டு 1999இல் பார்க்காத வழவழப்பான சாலையை நான் பார்த்தது 2014இல், அப்படித்தான். பூச்சியும் வந்து மோதியது.

கிளைடோடு கதை முடியவில்லை. 2013 செப்டம்பரில் ஏ.எம்.டி. கம்பெனி மேண்டில் என்று ஒன்றை அறிவித்தது. தன் சிப்புக்கு மட்டுமான, அடிமட்டத்தில் பேசும் இடைமுகம். பழைய தப்பையே செய்கிறார்களே என்று எங்கள் ஆபீஸில் ஒரே சிரிப்பு. 2014 ஜனவரியில் பேட்டில்ஃபீல்டு 4 அதில் ஓடியது. மேண்டில் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் ஏ.எம்.டி. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை, ஓப்பன் ஜி.எல்.லைப் பராமரிக்கும் குரோனோஸ் குழுவிடம் கொடுத்தது. அதை அடிப்படையாக வைத்து 2016 பிப்ரவரியில் வல்கன் வந்தது, எல்லாக் கார்டுக்கும் பொதுவாக. 1999 டிசம்பரில் செய்ததை 3டிஎஃப்எக்ஸ் 1997இல் செய்திருந்தால் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஆப்பிள் 2014இல் மெட்டல் கொண்டுவந்தது. அது இன்றும் ஆப்பிள் வீட்டுக்குள்தான். கூடா 2007 முதல் இருக்கிறது, என்விடியாவுக்குள்தான். 3டிஎஃப்எக்ஸைச் சாப்பிட்ட அதே கம்பெனி! மாணவர்களின் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கூடா கற்றுக்கொள்ளுங்கள், இன்று வேலை அதில்தான் இருக்கிறது, சிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கை ஒரு ஃபைலிலும், கூடாவோடு பேசும் வரிகளை இன்னொரு ஃபைலிலும் வையுங்கள். கார்மாக் செய்தது அவ்வளவுதான்.

கிளைடின் மூலநிரல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. சி மொழி தெரிந்த இரண்டாம் ஆண்டு மாணவர் அதன் முக்கோணம் வரையும் பகுதியை ஒரு வார விடுமுறையில் படித்துவிடலாம். சந்தேகம் வந்தால் ஒன்றுகூடல் நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பிடியுங்கள். இயற்பியல் துறைப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.